சேகரத்தின் காணிக்கையும் கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சபைத் தேர்தல் முடிந்து புதிதாகப் பொறுப்பேற்கும் சேகரப் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதி) பொருளாளர்களும் கமிட்டி உறுப்பினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தென் மாவட்டங்களின் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) சேகரங்களில் கணக்கு எழுதியும் தணிக்கை பார்த்தும் பழகிய வழக்கங்களே இதற்கு அடிப்படை என்றாலும், மற்றச் சபைப் பிரிவினருக்கும் பெரும்பகுதி பொருந்தும். பேராயரின் கீழ் பல சேகரங்களைக் கொண்ட ஒவ்வொரு திருமண்டலத்துக்கும் தனி நிதி விதிகள் உண்டு. அவை இங்கே சொல்வதிலிருந்து மாறுபட்டால் அவற்றையே பின்பற்ற வேண்டும். 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து, பிரிவு எண்கள் மாறிவிட்டதால், எண்களை விட்டுவிட்டு விதியின் பொருளை மட்டும் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிறு காணிக்கையை யார் எண்ண வேண்டும், எங்கே எண்ண வேண்டும்?

உறவினர் அல்லாத இருவராவது சேர்ந்து, ஆராதனை முடிந்த உடனே, ஆலய வளாகத்தை விட்டுப் பணம் வெளியே போவதற்கு முன்பே எண்ண வேண்டும். கணவனும் மனைவியும், அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் எண்ணும் பொறுப்பில் இருக்கக் கூடாது. பொருளாளர் எண்ணுகிறவர்களில் ஒருவராக இல்லாதிருப்பது இன்னும் நல்லது. எண்ணியவர்கள் தரும் தொகையைப் பெற்று வங்கியில் கட்டுவதுதான் அவர் வேலை. மாதத்துக்கு ஒரு குழு என்று சுழற்சி முறையில் பெயர் போட்டு, பெண்கள் ஐக்கியத்திலிருந்தும் வாலிபர் ஐக்கியத்திலிருந்தும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டால், ஓராண்டுக்குள் சபையில் இருபது முப்பது பேருக்குக் காணிக்கை எப்படி வருகிறது என்பது நேரடியாகத் தெரிந்துவிடும். வீண் பேச்சு அடங்குவதற்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது.

எண்ணும் முறையும் முக்கியம். பையைக் கவிழ்த்ததும் முதலில் கவர்களைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு கவரையும் பிரித்து, மேலே எழுதியிருக்கும் தொகையும் உள்ளே இருக்கும் தொகையும் ஒன்றுதானா என்று பார்த்து, வேறுபட்டால் உள்ளே இருந்த தொகையைக் கவரின் மேலேயே எழுதி இருவரும் சுருக்கொப்பம் இட வேண்டும். சங்கக் காணிக்கை (சபையாரின் சந்தா), பிறந்தநாள் ஸ்தோத்திரம், மிஷனெரி காணிக்கை, கட்டட நிதி என்று கவரில் எழுதியிருக்கும் நோக்கத்தின்படி தனித்தனிக் குவியலாக்கிய பிறகே பையில் வந்த பொதுக் காணிக்கையைத் தொட வேண்டும். ஐந்நூறு, இருநூறு, நூறு என்று நோட்டு வாரியாக எத்தனை என்பதை அச்சிட்ட சீட்டில் இரண்டு பிரதிகளாக எழுதி, மொத்தத்தை எண்ணாலும் எழுத்தாலும் குறித்து, எண்ணியவர்கள் கையெழுத்திட வேண்டும். ஒரு பிரதி பொருளாளருக்கு. மற்றொன்றிலுள்ள தொகையை ஆராதனைப் பதிவேட்டில் வருகை எண்ணிக்கைக்குப் பக்கத்தில் பதிந்து, போதகரோ சபை ஊழியரோ ஒப்பமிட வேண்டும். பொருளாளரின் ரொக்கப் புத்தகத்தையும் ஆராதனைப் பதிவேட்டையும் எழுதுகிறவர்கள் வெவ்வேறு ஆட்கள் என்பதால், தணிக்கையாளர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த மாத்திரத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

சில்லறைக்காகக் கடைக்காரர்கள் வந்து நிற்பது எல்லா ஊரிலும் உண்டு. மாற்றிக் கொடுக்கலாம், ஆனால் சீட்டு எழுதி முடித்த பிறகு, எண்ணிய இருவரும் பார்க்க, அதே மேசையில் கொடுக்க வேண்டும். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடியும்போது எல்லாரும் களைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் எண்ண வேண்டாம். பையைக் கட்டி, முடிச்சின் மேல் காகிதம் ஒட்டி இருவர் கையெழுத்திட்டு, ஆலயத்தின் இரும்புப் பெட்டியில் பூட்டி, காலையில் அதே இருவர் பிரித்து எண்ணட்டும்.

"நம்முடைய ஆட்கள் மேல் நம்பிக்கை இல்லையா? வேதத்திலேயே கணக்குக் கேட்கவில்லை என்று இருக்கிறதே?"

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் 2 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தின் 15-ஆம் வசனத்தைச் சொல்வார்கள். ஆலயத்தைப் பழுதுபார்த்த வேலைக்காரருக்குக் கொடுக்கும்படி பணத்தைப் பெற்றுக்கொண்டவர்கள் உண்மையாய் நடந்தபடியால் அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்று அங்கே எழுதியிருப்பது மெய்தான். ஆனால் அந்த அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும். பழுதுபார்க்கும் பணத்தை ஆசாரியர்களே வாங்கிச் செலவு செய்யட்டும் என்றுதான் யோவாஸ் ராஜா முதலில் கட்டளையிட்டிருந்தான். அவனுடைய அரசாட்சியின் 23-ஆம் வருஷம் வரைக்கும் ஆலயம் பழுதுபார்க்கப்படவில்லை. யாரும் திருடியதாக அங்கே சொல்லவில்லை. ஒழுங்கு இல்லாததால் வேலை நடக்கவில்லை. அதன் பிறகே ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டு அதைப் பலிபீடத்தின் அருகே வைத்தான். பெட்டி நிறைந்தபோது ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தரும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணிக் கட்டினார்கள். அரண்மனையிலிருந்து ஒருவர், ஆலயத்திலிருந்து ஒருவர். பணம் வாங்கும் கை, எண்ணும் கை, செலவழிக்கும் கை என்று மூன்றும் பிரிக்கப்பட்ட பிறகுதான் அந்த உண்மையைப் பற்றிய நற்சாட்சி வருகிறது.

எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த தர்மப்பணத்தைக் குறித்துக் கொரிந்தியருக்கு எழுதும் பவுலும் தீத்துவைத் தனியே அனுப்பவில்லை. சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்டவர் உட்பட வேறு சகோதரரையும் உடன் அனுப்பி, ஒருவரும் தங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு எச்சரிக்கையாயிருப்பதாகக் காரணமும் சொல்லுகிறார். தீத்துவின் மேல் பவுலுக்குச் சந்தேகம் இருந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். கணக்கு முறைகள் முதலில் காப்பாற்றுவது பணத்தைக் கையாளும் உண்மையுள்ள மனிதரைத்தான். ஒருவரே எண்ணி, ஒருவரே எழுதி, ஒருவரே வங்கிக்குப் போகும் சபையில், பொருளாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவர்மேல் ஒரு பழி விழுந்தால் அதைப் பொய் என்று நிரூபிக்க அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

வந்த காணிக்கையிலிருந்து அன்றே மின்கட்டணம், பூ, டீசல் என்று கொடுத்துவிட்டு மீதியை வங்கியில் கட்டலாமா?

கூடாது. வந்தது முழுவதையும் அடுத்த வேலை நாளில் வங்கியில் கட்டிவிட்டு, செலவுக்குத் தனியே எடுக்க வேண்டும். அப்போதுதான் பாஸ்புக்கில் ஒவ்வொரு திங்கட்கிழமை வரவும் ஆராதனைப் பதிவேட்டில் உள்ள ஞாயிறு தொகையோடு ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போகும். சில்லறைச் செலவுக்கென்று கமிட்டி தீர்மானித்த ஒரு தொகையை, எடுத்துக்காட்டாக 5,000 ரூபாயை, பொருளாளரிடம் முன்பணமாகக் கொடுத்து வைக்கலாம். அது குறையும்போது வவுச்சர்களைக் காட்டி, செலவான தொகையை மட்டும் மீண்டும் பெற்றுக்கொள்ளலாம்.

வங்கிக் கணக்கில் யார் யார் கையெழுத்திட வேண்டும்?

இருவருக்குக் குறையாமல், கூட்டாக. பொதுவாகச் சேகரத் தலைவரான போதகரும் பொருளாளரும் இடுவார்கள். காசோலைப் புத்தகத்தில் முன்கூட்டியே ஒருவர் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு வெளியூர் போகும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அது கூட்டுக் கையெழுத்து என்ற ஏற்பாட்டையே இல்லாமலாக்கிவிடுகிறது. இணைய வங்கிச் சேவை வைத்திருந்தால், ஒருவர் பதிவு செய்ய மற்றொருவர் ஒப்புதல் தரும் முறையை வங்கியிடம் கேட்டுப் பெற வேண்டும்.

கோபுரம் கட்ட வந்த பணம் வங்கியில் சும்மா கிடக்கிறது. சம்பளத்துக்குத் தட்டுப்பாடு. எடுத்துக்கொண்டு பிறகு வைக்கலாமா?

எல்லாச் சேகரங்களிலும் எழும் கேள்வி இது. என் பதில் கண்டிப்பானதாகத் தோன்றலாம். கொடுத்தவர் எதற்கென்று சொல்லிக் கொடுத்தாரோ அதற்கே அந்தப் பணம் உரியது. கமிட்டிக்கு அதன்மேல் இருப்பது காவல் பொறுப்பு மட்டுமே. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, குறிப்பிட்ட நோக்கத்துக்காக விசுவாசிகள் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று நேரடியாகவே விதிக்கிறது. நம்முடைய பகுதியில் இதற்கு நல்லதொரு சாட்சி டோனாவூர். 1820-களில் மிஷனெரியான ரேனியஸ் ஐயர் காலத்தில், பிரஷ்ய நாட்டுப் பிரபுவான டோனா கொடுத்த நன்கொடையால் நிலம் வாங்கிக் குடியமர்த்தப்பட்ட கிறிஸ்தவக் கிராமம் அது. கொடுத்தவரின் பெயர் இன்றும் ஊரின் பெயராக நிற்கிறது.

தட்டுப்பாடு எப்படி வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு சேகரத்தின் வங்கிக் கணக்கில் 7,20,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கமிட்டிக் கூட்டத்தில் பொருளாளர் இந்த ஒரு தொகையை மட்டும் வாசித்தால், கூடியிருப்பவர்களுக்கு ஒலிபெருக்கி மாற்றலாம், சுற்றுச்சுவருக்கு வர்ணம் பூசலாம் என்று தோன்றுவது இயல்பு. உண்மையில் அதில் 4,50,000 கோபுர நிதி, 60,000 மிஷனெரி சங்கங்களுக்கு அனுப்ப வேண்டியது, 35,000 ஏழைகள் நிதி. இவற்றைக் கழித்தால் பொது நிதி 1,75,000 ரூபாய் மட்டுமே. ஆகவே ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் வங்கி இருப்பை நிதி வாரியாகப் பிரித்தே வாசிக்க வேண்டும். பெரிய நிதிகளுக்குத் தனி வங்கிக் கணக்கோ வைப்புத் தொகையோ இருந்தால் ஆசையும் எழாது, குழப்பமும் வராது.

வேறு வழியே இல்லாமல் ஒரு நிதியிலிருந்து மற்றொன்றுக்கு எடுக்க வேண்டிய நிலை வந்தால், பொருளாளரும் போதகரும் தமக்குள் பேசி முடிக்கும் காரியமாக அது இருக்கக் கூடாது. திருமண்டல விதி இடம் தருகிறதா என்று பார்த்து, கமிட்டியில் தீர்மானம் எழுதி, எவ்வளவு, எதிலிருந்து, எந்தத் தேதிக்குள் திருப்புவது என்று குறித்து, சபையாருக்கும் அறிவிக்க வேண்டும். திட்டமே கைவிடப்பட்டால் கொடுத்தவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு நோக்கத்தை மாற்ற வேண்டும். திருப்பிக் கேட்பவருக்குத் திருப்பிக் கொடுக்கவும் சபை ஆயத்தமாயிருக்க வேண்டும்.

வெளியே அனுப்ப வேண்டிய காணிக்கைகளை அந்தந்த மாதமே அனுப்பிவிடுவது நல்லது. 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கத்துக்கென்று ஒரு பாட்டியம்மா கவரில் வைத்த நூறு ரூபாய், சேகரக் கணக்கில் எட்டு மாதம் உறங்குவது சரியல்ல. அதற்காகக் காத்திருக்கும் ஊழியர் எங்கோ வட மாநிலத்தில் இருக்கிறார்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தையும் அசனத்தையும் (சபையின் பொது விருந்தையும்) எப்படிக் கணக்கு வைப்பது?

சேகரத்தின் வருடக் கணக்கில் குழப்பம் அதிகமாக வரும் இடம் இதுதான். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். சபையார் நன்றியாகப் படைக்கும் பொருள்களை ஏலம் விடும்போது, சந்தையில் 400 ரூபாய் பெறும் வாழைத்தார் 5,000 ரூபாய்க்குப் போகும். அதை எடுத்தவர் அங்கேயே திரும்பக் கொடுத்து, இரண்டாம் முறையும் ஏலம் போகும். மகிழ்ச்சியும் ஆரவாரமுமாக நடக்கும் அந்த நேரத்தில் ஒருவர் அமைதியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க வேண்டும். வரிசை எண், பொருள், படைத்தவர், எடுத்தவர், தொகை, கொடுத்தாரா பாக்கியா என்று ஆறு பத்திகள் கொண்ட ஏடு போதும். ஒரே பொருள் இருமுறை ஏலம் போனால் இரண்டு வரிகளாக எழுத வேண்டும். ஏலம் கூறுகிறவரும் எழுதுகிறவரும் பணம் வாங்குகிறவரும் மூன்று பேராக இருக்கட்டும்.

ஏல பாக்கிதான் அடுத்த தொல்லை. மேடையில் "மொத்தம் மூன்று லட்சம்" என்று அறிவித்துவிடுவார்கள். கைக்கு வந்தது இரண்டு லட்சமாக இருக்கும். அறிவிக்கும்போதே வந்தது இவ்வளவு, வர வேண்டியது இவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ரொக்கப் புத்தகத்தில் கைக்கு வந்த தொகையை மட்டும் வரவு வைத்து, பாக்கிக்குத் தனிப் பட்டியல் வைத்துக்கொண்டு, பணம் வரும்போது ரசீது போட்டுப் பெயரை அடிக்க வேண்டும். இப்படிச் செய்யாத இடங்களில், பாக்கியை மறந்துபோனவரை விட்டுவிட்டுப் பொருளாளர்மேல் பழி போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அசனத்துக்கு வரவு செலவைத் தனி ஏட்டில் எழுதி, இறுதியில் கிடைக்கும் மீதியையோ பற்றாக்குறையையோ பொதுக் கணக்கில் சேர்க்கலாம். பணமாக வருவதைப் போலவே பொருளாக வருவதும் கணக்குக்கு உரியது: அரிசி எத்தனை மூட்டை, ஆடு எத்தனை, விறகு, தேங்காய், எண்ணெய் எவ்வளவு என்று அளவால் எழுதி, கொடுத்தவர் பெயரையும் குறிக்க வேண்டும். அவற்றுக்கு மதிப்புப் போட்டு ரொக்க வரவோடு கூட்டக் கூடாது. சமையல் முடிந்தபின் மீந்த அரிசி, திறக்காத எண்ணெய் டின், காலிச் சாக்கு, ஆட்டுத்தோல் ஆகியவற்றை விற்ற பணம் யாருடைய பையிலாவது தங்கிவிடுவது பழைய வழக்கம். சிறு தொகைதான், ஆனால் ஊரார் கண்ணில் முதலில் படுவது அதுவே. வீட்டில் உலை வைக்கும்போது எடுத்து வைக்கும் கைப்பிடி அரிசியைச் சேர்க்கும் சபைகளிலும், எத்தனை படி வந்தது, என்ன விலைக்குப் போனது என்று இதே ஒழுங்கில் எழுத வேண்டும்.

போதகரான ஐயரவர்கள் கையில் நேரடியாகக் கொடுக்கும் பணம் யாருடையது?

கொடுத்தவர் என்ன சொல்லிக் கொடுத்தார் என்பதைப் பொறுத்தது. "ஐயா, உங்கள் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்றால் அது அவருடையது. "கோவிலுக்கு" என்றோ எதுவுமே சொல்லாமலோ கொடுத்தால் சபையுடையதாகக் கொண்டு அன்றே ரசீது போடுவதுதான் பாதுகாப்பானது. வீட்டு ஜெபங்களுக்கும் பிரதிஷ்டைகளுக்கும் போகும் போதகர்கள் ஒரு ரசீதுப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோவது நல்ல பழக்கம். திருமணத்துக்கும் அடக்க ஆராதனைக்கும் வாங்கும் கட்டணங்களைக் கமிட்டி முன்னதாகவே தீர்மானித்து அறிவிப்புப் பலகையில் போட்டுவிட்டால், துக்க வீட்டாரிடம் பணம் பேச வேண்டிய சங்கடம் யாருக்கும் இராது.

ஆலயத்தில் கியூஆர் குறியீடு வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சங்கக் காணிக்கையைத் தவறாமல் அனுப்ப அது உதவுகிறது. ஆனால் அது சேகரத்தின் வங்கிக் கணக்கோடு இணைந்ததாக இருக்க வேண்டும். பொருளாளரின் கைபேசி எண்ணுக்கோ செயலரின் சொந்தக் கணக்குக்கோ காணிக்கை போவது, ஒரே ஒரு வாரத்துக்கு என்றாலும், கூடாது. அச்சிட்ட குறியீட்டின் மேல் வேறொருவர் தம் குறியீட்டை ஒட்டிவிடும் மோசடி கடைகளில் நடப்பதுபோல ஆலயத்திலும் நடக்கலாம் என்பதால், ஞாயிறுதோறும் ஆராதனைக்கு முன் ஒரு ரூபாய் அனுப்பி, திரையில் சபையின் பெயர் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். எதற்கென்று குறிப்பில் எழுதும்படி சபையாரிடம் சொல்ல வேண்டும். குறிப்பில்லாமல் வந்தவற்றை மாத முடிவில் வங்கி அறிக்கையோடு உட்கார்ந்து, அனுப்பியவரிடம் கேட்டுப் பிரிக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் ஆலயக் கட்டடத்துக்குப் பணம் அனுப்ப விரும்புகிறார்கள். வாங்கலாமா?

அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைவிட, எந்த நாட்டின் குடிமகன் என்பதே முதல் கேள்வி. இந்தியக் கடவுச்சீட்டோடு துபாயிலோ மஸ்கட்டிலோ வேலை பார்க்கிறவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம், 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவருடைய கடவுச்சீட்டின் நகலையும், சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுக்கிறேன் என்ற கடிதத்தையும் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் குடியுரிமையோ கனடாக் குடியுரிமையோ பெற்றுவிட்டவர் நம் ஊரிலேயே பிறந்து, நம் ஆலயத்திலேயே ஞானஸ்நானம் பெற்று, வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவரே. அவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை. விடுமுறைக்கு ஊருக்கு வந்து இந்திய ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் அப்படியே. இதைப் பெற மத்திய உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பதிவு பெற்ற அமைப்பு புது டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில்தான் அதை முதலில் பெற வேண்டும். ஒரு அமைப்பு பெற்றதை வேறொரு அமைப்புக்குக் கைமாற்றுவதையும் அதே திருத்தம் தடுக்கிறது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது.

ஆகவே தனிப் பதிவில்லாத சேகரம் செய்யக்கூடியது ஒன்றே: திருமண்டல அலுவலகத்துக்கு எழுதி, அங்கே பதிவு இருக்கிறதா, இந்த வேலைக்கு அதன் வழியாகப் பெற முடியுமா என்று கேட்டு, எழுத்தில் பதில் வந்த பிறகு மட்டும் நன்கொடையாளருக்குச் சொல்வது. "என் தம்பி கணக்குக்கு அனுப்புகிறேன், அவன் கொடுத்துவிடுவான்" என்று அன்போடுதான் சொல்வார்கள். அதை ஏற்பது சட்டத்தைச் சுற்றிப்போவதாகும். ஒரு சேகரத்தின் தவறு முழுத் திருமண்டலத்தின் பதிவையும் பாதிக்கலாம். அதன் பள்ளிகளும் விடுதிகளும் அந்தப் பதிவை நம்பி இருக்கலாம்.

ஆலயம்தானே, வருமான வரி கிடையாதே?

தானாகக் கிடைக்கும் விலக்கு எதுவும் இல்லை. வருமான வரித் துறையில் பதிவு பெற்று, வருமானத்தில் 85 விழுக்காட்டையாவது அந்த ஆண்டிலேயே நோக்கத்துக்குச் செலவழித்து, கணக்குத் தாக்கல் செய்தால்தான் விலக்கு. பெரிய கட்டட வேலைக்காகக் கூடுதலாகச் சேர்த்து வைக்க வேண்டுமென்றால், உரிய படிவத்தில் முன்னதாகவே தெரிவித்து ஐந்தாண்டு வரை வைத்துக்கொள்ளலாம். உங்கள் சேகரத்தின் வங்கிக் கணக்கு எந்த பான் எண்ணில் திறக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். திருமண்டலத்தின் எண்ணில் இருந்தால் உங்கள் கணக்கு அவர்களுடைய கணக்கோடு சேர வேண்டும். உரிய காலத்தில் நீங்கள் அனுப்பாவிட்டால் அவர்களுடையதும் தாமதமாகும். எப்போதோ இருந்த ஒரு போதகரின் சொந்த பான் எண்ணில் இருந்தால் உடனே மாற்றுங்கள்.

ரொக்கத்தைப் பற்றி மூன்று வரம்புகளை நினைவில் வைத்தால் போதும். ஒரே ஆளிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவு தொகை அபராதமாகலாம். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது செலவாக ஏற்கப்படாது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனாக வாங்குவதும் ரொக்கத்தில் கூடாது. ஒப்பந்தக்காரருக்கு ஒரே முறையில் 30,000 ரூபாய்க்கு மேலோ, ஓராண்டில் மொத்தம் 1 லட்சத்துக்கு மேலோ கொடுத்தால் மூலவரி (டி.டி.எஸ்.) பிடித்தம் செய்து கட்ட வேண்டும்.

சபைக்குக் கொடுக்கும் காணிக்கைக்கு, பழைய சட்டத்தில் 80ஜி எனப்பட்ட, நன்கொடை கொடுப்பவருக்கான வரிச் சலுகை கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். பொதுவாகக் கிடைக்காது. ஒரு குறிப்பிட்ட மதத்தாரின் வழிபாட்டுக்கான கொடைக்கு அது பொருந்தாது. அது அறப்பணிகளுக்கு உரியது. கிடைக்கும் என்று சொல்லி யாரிடமும் பணம் வாங்காதீர்கள்.

ஆலய இடத்தை விற்றோ அடகு வைத்தோ கட்டடம் கட்டலாமா?

சேகரக் கமிட்டிக்கு அந்த அதிகாரம் இல்லை. தென்னிந்தியத் திருச்சபையின் சொத்துகள் 1947-இல் பதிவான சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரிலோ, சில திருமண்டலங்களில் அவற்றின் சொந்த டிரஸ்ட் அசோசியேஷன் பெயரிலோ இருக்கின்றன. நீண்ட காலக் குத்தகைக்கும் இதே நிலைதான். உங்களால் ஆவது, பட்டா, வரி ரசீது, கடை வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்களைச் சேகர அலுவலகத்தில் ஒழுங்காக வைத்திருப்பதும், பல ஆண்டுகளாக உயராத வாடகையை உயர்த்தக் கேட்பதும்தான்.

கணக்கைச் சபையாருக்கு எவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டும்?

தொகைகளை முழுமையாகவும் பெயர்களை மிகவும் அளந்தும் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாதந்தோறும் வரவு செலவுச் சுருக்கத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். போதகரின் சம்பளம், ஆலயப் பணியாளரின் சம்பளம், திருமண்டலப் பங்கு, மின்கட்டணம் என்று தலைப்பு வாரியாக எதையும் மறைக்காமல் போட வேண்டும். "இதர செலவு" என்ற தலைப்பின் கீழ் பெரிய தொகை இருந்தால் அதைப் பிரித்து எழுதுங்கள்.

ஆனால் சங்கக் காணிக்கை பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை ஆராதனையில் வாசிக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். தீப்பெட்டி ஒட்டியும் பீடி சுற்றியும் பிழைக்கும் குடும்பம் ஆறு மாத பாக்கிக்காக எல்லார் முன்னிலையிலும் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதும், பிறகு அந்த வீட்டார் ஆலயத்துக்கே வராமல் நின்றுபோவதும் நாம் அறியாததல்ல. பாக்கியைச் சபை ஊழியர் வீட்டுக்குப் போய் விசாரிக்கட்டும்; கொடுக்க முடியாதவருக்குத் தள்ளுபடி செய்யும் அதிகாரத்தைக் கமிட்டி வைத்துக்கொள்ளட்டும். திருமணத்துக்கோ அடக்கத்துக்கோ வரும்போது பாக்கியை முழுவதும் கட்டச் சொல்லி நிறுத்தி வைப்பதை நான் சிறிதும் ஏற்பதில்லை. ஏழைகள் நிதியிலிருந்து உதவி பெற்றவர்களின் பெயரும் பொது அறிக்கையில் வரக் கூடாது. வவுச்சரில் இருக்கும், தணிக்கையாளர் பார்ப்பார், அதோடு நிற்க வேண்டும்.

யார் தணிக்கை செய்வது?

கமிட்டியில் இல்லாதவரும், பொருளாளருக்கு உறவில்லாதவருமான ஒருவர். ஓய்வு பெற்ற வங்கி ஊழியரோ கணக்கு அறிந்த ஆசிரியரோ காலாண்டுக்கு ஒருமுறை உள் தணிக்கை செய்யலாம். வருட முடிவில் பட்டயக் கணக்காளர் பார்க்க வேண்டும். தணிக்கையாளர் ரசீதுப் புத்தகங்களின் தொடர் எண்களை முதலில் சரிபார்க்க வேண்டும். அச்சிட்டவை எத்தனை, கொடுத்தவை எத்தனை, மீதி எங்கே என்பதற்குப் பதில் இல்லாத இடத்தில் மற்றக் கணக்குகள் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

கணக்கில் குறைவு தெரிகிறது. என்ன செய்வது?

முதலில் வெளியே பேசாதீர்கள். அதே வேளையில் மூடியும் வைக்காதீர்கள். கூட்டலில் பிழையா, பதிவு விடுபட்டதா, வங்கியில் தாமதமா என்று இருவர் உட்கார்ந்து சரிபார்த்தால் பல குறைவுகள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் பொறுப்பாளரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டு, சேகரத் தலைவருக்கும் திருமண்டல நிதி அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர் பணத்தைக் கட்டிவிட்டார் என்பதற்காகப் பதிவை அழிக்கக் கூடாது; குறைந்ததும் கட்டியதும் இரண்டும் ஏட்டில் இருக்கட்டும். பணத்தை எடுத்தவர் கடன் தொல்லையிலோ நோயிலோ இருந்திருந்தால் அவருக்குச் சபை உதவலாம், உதவவும் வேண்டும். ஆனால் அதே பொறுப்பில் அவரை மீண்டும் வைப்பது உதவி ஆகாது.

பொறுப்பு மாறும்போது என்னென்ன வாங்க வேண்டும்?

வங்கி அறிக்கையோடு ஒத்துப்பார்த்த ரொக்கப் புத்தகம், எண்ணிய கையிருப்பு, காசோலைப் புத்தகங்கள், வைப்புத் தொகைச் சான்றுகள், பயன்படுத்தாத ரசீதுப் புத்தகங்கள், ஏல பாக்கிப் பட்டியல், கடைகளுக்குக் கொடுக்க வேண்டியவை, வாடகை முன்பணம் வாங்கியிருந்தால் அதன் விவரம், இணைய வங்கியின் கடவுச்சொற்கள், பெட்டிச் சாவிகள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, பழைய பொருளாளரும் புதியவரும் போதகர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். வங்கியில் கையெழுத்து மாற்றத்துக்கான கமிட்டித் தீர்மானத்தை அதே வாரத்தில் கொடுத்து, கியூஆர் கணக்கின் செய்தி வரும் கைபேசி எண்ணையும் மாற்றிவிடுங்கள். பழைய ஏடுகளைப் பத்தாண்டுகளாவது ஆலயத்திலேயே, ஈரமும் கரையானும் எட்டாத அலமாரியில் வையுங்கள்; பொருளாளர் வீட்டில் வைக்க வேண்டாம்.